நாளைக்கு ஆங்கிலத் தேர்வு

நான்: பெரியம்மா, ஒரு சந்தேகம். ட்விட்ச் (twitch) என்ற வினைச்சொல்லை வைத்து, "வகுப்பில் அந்தப் பையன் ட்விட்ச் செய்துகொண்டே இருந்தான்" என்று வாக்கியம் எழுதலாமா?

பெரியம்மா: வேண்டாம் கண்ணு. நெளிவது, பேனாவை உருட்டுவது, காலை ஆட்டுவது எல்லாம் ஃபிட்ஜெட். ட்விட்ச் என்றால் சட்டென்று வெட்டி இழுப்பதுபோல ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். பெரும்பாலும் நாம் நினைக்காமல் தானாக நடப்பது.

பாட்டி: கண் துடிக்கிறதே, அதுவா?

பெரியம்மா: அதேதான் அம்மா. "மை ஐலிட் இஸ் ட்விட்சிங்" என்பார்கள். இங்கே செயப்படுபொருள் கிடையாது. "த ராபிட் ட்விட்ச்ட் இட்ஸ் நோஸ்" என்று செயப்படுபொருளோடும் வரும். முயல் மூக்கை கவனித்திருக்கிறாயா? ஓயாமல் துடிக்கும்.

பாட்டி: எனக்குக் கொஞ்ச நாளாக இடது கண் துடிக்கிறது. பெண்ணுக்கு இடது துடித்தால் நல்லது.

சித்தப்பா: அம்மா, தூக்கம் குறைந்தாலும் காபி கூடினாலும் இமை துடிக்கும். அநேகமாகத் தானே அடங்கிவிடும். வாரக்கணக்கில் நீடித்தாலோ, கன்னமும் சேர்ந்து இழுத்தாலோ உடனே சொல்லுங்கள், டாக்டரிடம் போகலாம். இப்போதைக்குச் சாயங்காலக் காபியை நிறுத்துங்கள்.

அண்ணன்: எங்கள் கோச் 'ஃபாஸ்ட் ட்விட்ச்' என்று சொல்வாரே, அதுவும் இதுதானா?

சித்தப்பா: ஆமாம்டா. தசை ஒரு தடவை சுருங்கித் தளர்வதற்கு உடலியலில் ட்விட்ச் என்றுதான் பெயர். வேகமாகச் சுருங்கும் நார் 100 மீட்டர் ஓட்டத்துக்கு உதவும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். மாரத்தானுக்கு மெதுவான நார். 1780களில் இத்தாலியின் போலோன்யாவில் கால்வானி என்ற விஞ்ஞானி பார்த்ததும் இதைத்தான். செத்த தவளையின் கால் நரம்பில் உலோகம் பட்டதும் கால் வெட்டி இழுத்தது. உயிரின் உடம்பிலேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791இல் எழுதினார். வோல்ட்டா என்ற இன்னொரு விஞ்ஞானி அதை ஒப்புக்கொள்ளவில்லை, உலோகங்களிலிருந்துதான் வருகிறது என்றார். அந்தச் சண்டையில்தான் 1800இல் பேட்டரி பிறந்தது!

சித்தி (லண்டன்): இங்கே கர்ட்டன் ட்விட்சர் என்று ஒரு பேச்சு உண்டு. தெருவில் யார் வருகிறார், யார் போகிறார் என்று திரைச்சீலை ஓரத்தை விலக்கிப் பார்க்கிறவர். வெறும் ட்விட்சர் என்றால் வேறு, அபூர்வப் பறவை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறவர்.

பெரியம்மா: எனக்கு மிகவும் பிடித்தது, "ஹிஸ் லிப்ஸ் ட்விட்ச்ட்". சிரிப்பு வருகிறது, அடக்குகிறான், உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்துவிடுகிறது. கதை வாசிக்கும்போது இந்த இடத்தை அழுகை என்று எடுத்துக்கொள்ளாதே.

நான்: அப்படியென்றால், "எலிச் சத்தம் கேட்டதும் பூனையின் வால்நுனி ட்விட்ச் ஆனது". இது சரியா?

பெரியம்மா: ரொம்பச் சரி. அப்படியே ஆங்கிலத்தில் எழுது. ஸ்பெல்லிங்கில் சி எழுத்துக்கு முன்னால் வரும் டி-யை விட்டுவிடாதே, பாதிப் பேர் அங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். சரி, ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் படு.