மெத்தா தியானத்துல (தனக்கும் எல்லாருக்கும் நல்லது நெனைக்கற பௌத்த தியானம்) நமக்கே நல்லது நினைக்க வரமாட்டேங்குது, என்ன செய்ய?

மார்த்தாண்டத்துக்காரி: ரெண்டு வாரமா ராத்திரி பிள்ளைய ஒறக்கிட்டு உக்காருதேன், 'நான் நல்லா இருக்கணும், பயமில்லாம இருக்கணும்'னு மனசுக்குள்ள சொன்னாலே போன மாசம் வேலைல பண்ணுன தப்பு ஞாபகம் வந்து, ஒனக்கெல்லாம் எதுக்கு இதுன்னு உள்ள ஒரு சத்தம். அம்மைக்கு சொன்னா ஈசியா வருது.

தக்கலை அண்ணன்: நெறைய பேருக்கு இப்படித்தான் மக்களே. 5ஆம் நூற்றாண்டுல புத்தகோசர்ங்கற பௌத்த துறவி எழுதுன விசுத்திமக்கம்ங்கற தியான நூல்ல தன்னையே வெச்சு தொடங்கத்தான் சொல்லுது, பிடிக்காத ஆள முதல்ல எடுக்காண்டாம், இறந்துபோனவங்கள எடுக்கவே கூடாதுன்னும் இருக்கு. ஆனா நீங்க அம்மையில தொடங்குங்க, அந்த எளக்கம் வந்த பொறவு அம்ம பக்கத்துல நீங்களும் திண்ணைல இருக்க மாதிரி நெனச்சு 'நாங்க ரெண்டுபேரும் நல்லா இருக்கணும்'னு சொல்லிப் பாருங்க.

ரப்பர் தோட்டம்: நான் வெடியக்காலம் பால் வெட்டப் போகும்போ மரத்துக்கு மரம் ஒரு வரி சொல்லுவேன், உக்காந்தா ஒறக்கம் வந்துரும் கேட்டேளா 😄

நாகர்கோவில் டீச்சர்: கிறிஸ்டின் நெஃப்ங்கற உளவியல் ஆய்வாளர் 2003ல சுயகருணைய மூணா பிரிச்சாங்க: தன்கிட்ட கனிவு, தப்பு எல்லா மனுசனுக்கும் உண்டுங்கற நெனப்பு, வலிய பெருசாக்காம கவனிக்கறது. உங்களுக்கு ரெண்டாவதுதான் இடிக்குதுன்னு தோணுது. அந்த சத்தத்தோட சண்டைக்கு போகாதீங்க. ரொம்ப அழுகை வந்து ஒறக்கம் கெட்டா நிப்பாட்டிட்டு டாக்டர பாருங்க.

மார்த்தாண்டத்துக்காரி: திண்ணை ஐடியா நேத்து பாத்தேன் அண்ணே, அம்ம நெனப்புலயும் 'சோறு தின்னியா'ன்னுதான் கேக்கா. சிரிச்சிட்டேன்.