வாலிபர் கூட்டத்தில் பாவத்தைப் பற்றிப் பேச வேண்டும், யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் வேதபாடத்தில் அடுத்து பாவமும் சோதனையும் பற்றி நான் பேச வேண்டும். "அதான் கிருபை இருக்கே, மன்னிப்பு கேட்டுக்கலாம்" என்று ஒரு தம்பி சாதாரணமாகச் சொல்கிறான், பக்கத்திலேயே இன்னொருவன் ஒரு கெட்ட நினைவு வந்தாலே தனக்கு இரட்சிப்பு போய்விட்டது என்று பயந்து சாகிறான், இரண்டு பேருக்கும் ஒரே செய்தியை எப்படிச் சொல்வது?

முதல் தம்பிக்கு, கிருபை பெருகட்டும் என்று பாவத்திலேயே நிலைத்திருக்கலாமா என்று கேட்கும் ரோமர் 6 போதும். மற்றவனுக்கு, இயேசுவே சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் செய்யவில்லை என்று எபிரெயர் 4:15-ஐக் காட்டலாம். அப்புறம் தாவீது. 2 சாமுவேல் 11-இல் குளித்துக்கொண்டிருந்த பத்சேபாளைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை, ஆள் அனுப்பி விசாரிக்கிறார், அவள் உரியாவின் மனைவி என்று பதிலும் வருகிறது, அங்கேயே நிறுத்தியிருக்கலாம் இல்லையா? கடைசியில் பாவத்தை மறைக்கப்போய் உரியாவின் உயிரே போகிறது. யோசேப்போ, தன்னைப் பாவத்துக்கு அழைத்துப் பிடித்த போத்திபாரின் மனைவி கையிலேயே வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

ஆனால் போன் கையிலேயே இருக்கும்போது எங்கே ஓடுவது? இதற்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை. பொதுவாக "ஜெபியுங்கள்" என்று மட்டும் வேண்டாம், ஜெபிக்கத்தான் செய்கிறார்கள். நடைமுறையில் உங்களுக்குக் கைகொடுத்தது எது என்று எழுதுங்கள், வசனத்தோடு இருந்தால் இன்னும் நல்லது.