வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11: யாருக்கு எழுதின கடிதம் அது?

காட்பாடி வேதபாடம்:
வேலூர்ப் பக்கம் டிசம்பர் 31 ராத்திரி வாட்ச்நைட் ஆராதனை முடிந்ததும் பல சபைகளில், வரும் வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அட்டை கைக்கு வந்த நிமிஷமே "முடிவு" என்பது நீட் ரிசல்ட், கல்ஃப் விசா, பெண்ணுக்கு வரன் என்று ஆகிவிடுகிறது. இந்த வசனத்தை அப்படி எடுக்கக் கூடாது என்பது என் வாதம். காரணம் அதே அதிகாரத்தில் இருக்கிறது.

29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம். முதல் மூன்று வசனம் விலாசம். கி.மு. 597-ல் யூதாவின் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட மூப்பருக்கும் ஜனங்களுக்கும் எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார். 5 முதல் 7 வரை: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். 10-ஆம் வசனம்: 70 வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள். அதற்கு அடுத்த வரிதான் நம் அட்டையில் இருப்பது. கடிதம் கைக்கு வந்தபோது 40 வயதான மூப்பர் ஒருவர் அந்த "முடிவை" கண்ணால் பார்க்கப் போவதில்லை. பார்ப்பது பேரப்பிள்ளைகள்.

28-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை உடைத்து, "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும்" என்றார். ஜனங்களுக்குப் பிடித்த செய்தி அதுதான். அதைப் பொய் என்று சொல்லத்தான் 70 வருஷக் கடிதமே வந்தது. இந்த வருஷமே கிடைக்கும் என்று 29:11-ஐ நீட்டும்போது, அனனியாவின் பேச்சை எரேமியாவின் பெயரில் கொடுக்கிறோம்.

வேலப்பாடி விசுவாசி:
ஐயா, சரித்திரம் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் இந்த அளவுகோலை வைத்தால் வேதத்தில் நமக்கென்று ஒரு வரியும் மிஞ்சாது. ரோமர் நிருபம் ரோமாபுரிக்காரருக்கு, பிலேமோன் ஒரு தனி ஆளுக்கு. "முன்பு எழுதியிருக்கிறவைகளெல்லாம் நமக்குப் போதனையாக எழுதியிருக்கிறது" என்று ரோமர் 15:4 சொல்கிறதே, அதை எங்கே வைப்பது?

யோசுவா 1:5-ஐப் பாருங்கள். யோர்தானைக் கடப்பதற்கு முன்னால் யோசுவா என்ற ஒரே ஒரு ஆளுக்கு, "உன்னைக் கைவிடுவதுமில்லை" என்று சொன்னது. எபிரெயர் 13:5 அதையே எடுத்து எல்லா விசுவாசிக்கும் கொடுக்கிறது. ஓசியா 11:1 இஸ்ரவேல் எகிப்தை விட்டு வந்ததைச் சொல்கிறது. மத்தேயு 2:15 அதை இயேசுவுக்குச் சொல்கிறது. வேத ஆசிரியர்களே இப்படி எடுத்திருக்கும்போது, புருஷனை இழந்த ஒரு அம்மா 29:11-ஐப் பிடித்துக்கொண்டு தூங்கினால் அதில் என்ன பிழை?

காட்பாடி வேதபாடம்:
நல்ல இடத்தைத் தொட்டீர்கள் தம்பி. எபிரெயர் 13:5-ஐ முழுசாகப் போடுகிறேன்: "நீங்கள் பணஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள், நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே." யோசுவாவுக்குச் சொன்னதில் எபிரெயர் நிருபத்தை எழுதினவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பாருங்கள். தேவன் கூட இருப்பார் என்பதை எடுத்தார். "உங்கள் காலடி மிதிக்கும் எவ்விடத்தையும்" என்று அதற்கு இரண்டு வசனம் முன்னால் இருக்கிறதே, அதைத் தொடவில்லை. நம் ஊரில் மனையைச் சுற்றி நடந்து "இது எனக்கு" என்று ஜெபிக்கிறவர்கள் எடுப்பது, அவர் தொடாமல் விட்ட அந்தப் பாதியை. அவர் எடுத்த பாதியோ "இருப்பது போதும்" என்பதற்கு ஆதாரமாக நிற்கிறது.

அதே வசனத்தில் இன்னொன்று. "நீங்கள்" என்று தொடங்கி "உன்னை" என்று மாறுகிறது. யோசுவாவிடம் ஒருமையில் சொன்னது ஒருமையிலேயே நிற்கிறது. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் இது பெரிய உதவி. இன்றைக்கு ஒரே ஆளை மரியாதையாக "நீங்கள்" என்கிறோம். அந்தப் பழக்கத்தில்தான் 29:11-ஐப் படிக்கிறவருக்கு "உங்கள்பேரில்" என்பது தன் ஒருவருக்குச் சொன்னதுபோல் கேட்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் ஒருவரை மரியாதையாகச் சொல்ல "நீர், உம்முடைய" என்றுதான் வரும். "நீங்கள்" என்றால் கூட்டம். எரேமியா 29:11-ல் எபிரெய மூலத்திலும் பன்மைதான்.

லூக்கா 22:31, 32-ஐ சத்தமாகப் படித்துப் பாருங்கள். "சீமோனே, சீமோனே" என்று கூப்பிட்டுவிட்டு, சாத்தான் "உங்களை" புடைக்க உத்தரவு கேட்டான் என்கிறார். உடனே "உன்" விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு "உனக்காக" வேண்டிக்கொண்டேன் என்கிறார். சோதனை பன்னிரண்டு பேருக்கும், ஜெபம் பேதுருவைப் பேர் சொல்லி. இன்றைய இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல், வித்தியாசம் மறைந்துவிடும். தமிழில் கண்ணுக்கு நேரே நிற்கிறது. (அங்கே "சுளகு" என்று இருப்பது நம் ஆற்காட்டுப் பக்கத்து முறம். கிரேக்கச் சொல் சல்லடையில் சலிப்பதைச் சொல்கிறது.)

ஆம்பூர் வாசகர்:
பின்னணி என்றாலே பெரிய புஸ்தகம் வேண்டும் என்று பயப்படுகிறார்கள். நம் ஊரிலேயே பாதி கிடக்கிறது. அப்போஸ்தலர் 9, 10 அதிகாரங்களில் பேதுரு யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் தங்கினதாக லூக்கா மூன்று தடவை எழுதுகிறார். கடலோர வீடு என்றும் சொல்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரருக்கு இது ஏன் என்று சொல்லித் தர வேண்டாம். தண்ணீர் நிறைய வேண்டும், வாடைக்கு ஊர் ஒதுங்கி நிற்க வேண்டும். செத்த மிருகத்தைத் தொட்டால் சாயங்காலம்வரை தீட்டு என்கிறது லேவியராகமம் 11:39. அந்த வீட்டு மேல்மாடியில் நின்றுதான் "தீட்டானதை நான் ஒருக்காலும் புசித்ததில்லை" என்கிறார் பேதுரு. யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டு வாசலை மிதிக்கும் முன்னாலேயே அவருக்குப் பாடம் ஆரம்பமாகிவிட்டது.

சங்கீதம் 126:4-ல் "தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல" என்று வருகிறது. தெற்கத்தி என்றதும் தாமிரபரணியை நினைத்தால் அர்த்தம் போய்விடும். அது யூதாவின் தெற்கே இருக்கிற வறண்ட நாடு. வருஷத்தில் பெரும்பாகம் வெறும் மணல், மழை பெய்தால் ஒரே ராத்திரியில் கரை புரளும். பாலாற்றை மணலாகவும் பார்த்து, 2021 நவம்பரில் வெள்ளமாகவும் பார்த்தவர்களுக்கு அந்த ஜெபம் எவ்வளவு துணிச்சலானது என்று விளங்கும்.

வேலப்பாடி விசுவாசி:
அழகாகச் சொன்னீர்கள் அண்ணா. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. பரிசுத்த ஆவியானவர் ஒரு வசனத்தைத் தனியாக எடுத்துப் பேச மாட்டாரா? சபைப் பிதாவான அகஸ்டின் 386-ல் மிலான் தோட்டத்தில் பவுலின் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ரோமர் 13:13, 14-ஐ வாசித்துத்தான் மனந்திரும்பினார். முன்னும் பின்னும் பத்து வசனம் படிக்கவில்லையே!

காட்பாடி வேதபாடம்:
படிக்கவில்லை. ஆனால் அந்த வசனம் ரோமாபுரிச் சபைக்கு என்ன சொன்னதோ அதையேதான் அகஸ்டினுக்கும் சொன்னது: களியாட்டையும் காமவிகாரத்தையும் விட்டு கிறிஸ்துவைத் தரித்துக்கொள். திறந்த விதம் தற்செயல், அர்த்தம் மாறவில்லை. 29:11-ல் நாம் பண்ணுவது அர்த்தத்தையே மாற்றுவது.

இதைவிடப் பெரிய சிக்கல் யோபு 8:7. "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைத் திறப்பு விழா அழைப்பிதழிலும் காலண்டரிலும் வருகிறது. பேசுகிறவர் யார்? பில்தாத். மூன்று வசனம் முன்னால், செத்துப்போன பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்று தகப்பன் முகத்துக்கு நேரே சொன்ன அதே ஆள். 42:7-ல் கர்த்தர் யோபுவின் மூன்று சிநேகிதரையும் "என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கோபிக்கிறார். யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்காமல் அச்சடித்தால் இதுதான் நடக்கும்.

வேலப்பாடி விசுவாசி:
அப்படியானால் பவுலையும் கேட்க வேண்டும் ஐயா. யோபு 5:13 எலிப்பாஸ் சொன்னது. 1 கொரிந்தியர் 3:19-ல் "எழுதியிருக்கிறது" என்றே எடுத்துக் காட்டுகிறார்.

காட்பாடி வேதபாடம்:
ஒத்துக்கொள்கிறேன். சிநேகிதர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பொய் இல்லை. யோபுவிடம் அதைச் சொன்னதுதான் கொடுமை. பில்தாத் சொன்னதில் "நீ சுத்தமாயிருந்தால்" என்று ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடையில் வியாபாரம் படுத்துவிட்டால் அந்த நிபந்தனை குற்றச்சாட்டாகத் திரும்பி வரும். அந்த ஆறுதலே வேண்டும் என்றால் 42:12 இருக்கிறது, முன்னிலைமையைவிடப் பின்னிலைமையை ஆசீர்வதித்தார் என்று. அது பில்தாத் சொன்னதல்ல, நடந்தது.

சத்துவாச்சாரி அக்கா:
உயிர்போகிற விஷயம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" (ஏசாயா 53:5) என்று அறிக்கை பண்ணிவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். சில வாரத்திலேயே இருமல் குறைந்து உடம்பு தேறும். அப்போது நிறுத்தினால் மிஞ்சின கிருமி மருந்துக்கு அடங்காததாகி வீட்டில் மற்றவருக்கும் பரவலாம். ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கின ஊரில் இதை இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலப்பாடி தம்பி, மத்தேயு 8:17 அந்த அதிகாரத்தைச் சரீர சுகத்துக்கே எடுக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், மறுக்கவில்லை. 1 பேதுரு 2:24 அதையே பாவத்தை விட்டுப் பிழைப்பதற்கு எடுக்கிறது. இரண்டும் நிற்கட்டும். ஆனால் அதே ஏசாயாவில் 38-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வியாதியாயிருந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தருவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் பிளவையின்மேல் அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார் ஏசாயா. வாக்கும் இருந்தது, மருந்தும் இருந்தது. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னார். வைத்தியனாகிய லூக்காவைப் பிரியமானவன் என்றார்.

வேலப்பாடி விசுவாசி:
மாத்திரை விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை அக்கா. நிறுத்தச் சொல்கிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

29:11-ல் மட்டும் நான் முழுசாக இறங்கி வரவில்லை. 2 கொரிந்தியர் 1:20, எல்லா வாக்குத்தத்தமும் கிறிஸ்துவுக்குள் ஆம் என்கிறது. பாபிலோனில் இருந்தவர்களை மறக்காத தேவன் என்னையும் மறக்க மாட்டார் என்று ஒரு விதவைத் தாய் எடுத்தால், நீங்கள் எபிரெயர் 13:5-க்குச் சொன்ன அதே வழிதான் அது.

காட்பாடி வேதபாடம்:
அப்படி எடுத்தால் நானும் ஆமென் சொல்வேன் தம்பி. "மறக்க மாட்டார்" என்பது கடிதத்தில் இருக்கிறது. "ஜூனில் விசா வரும்" என்பது இல்லை.

வேலப்பாடி விசுவாசி:
அப்படியானால் அட்டையை நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்த டிசம்பருக்கு அச்சுக்குக் கொடுக்கும்போது முன்பக்கம் 10, 11 இரண்டையும் சேர்த்துப் போடலாம். விசிட்டிங் கார்டு அளவில் எழுத்தைச் சற்றுக் குறைத்தால் கொள்ளும். பின்பக்கம் வழக்கமாகச் சபைப் படம்தானே வருகிறது?

காட்பாடி வேதபாடம்:
படத்தை எடுத்துவிட்டு 7-ஆம் வசனத்தைப் போடுங்கள். அவர்கள் சமாதானத்தைத் தேட வேண்டிய பட்டணம் பாபிலோன், அவர்களைச் சிறைபிடித்த ஊர். நமக்கு வேலூர். அட்டை எடுக்கிற ராத்திரியே வேலூர்ப் பட்டணத்துக்காக ஐந்து நிமிஷம் ஜெபம் வைக்கும்படி சபைப் போதகர் ஐயரிடம் கேளுங்கள்.