தொடக்கநிலைச் சமையல் செயலி: பயனர்கள் பாதியிலேயே கைவிடுகிறார்கள், டைமரும் நேரத்துக்கு ஒலிப்பதில்லை. வழிகாட்டுங்கள்

கேள்வி

வணக்கம். அடுப்பைப் பற்றவைத்தே பழகாத ஒருவர், ஒரு மாதத்துக்குள் ஏழெட்டு எளிய உணவுகளைத் தாமாகவே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு கைபேசிச் செயலியை வடிவமைத்து வருகிறேன். ஒவ்வொரு செய்முறையும் எட்டு முதல் பன்னிரண்டு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு திரையில் ஒரு படிதான் வரும், அதனுடன் ஒரு படமும், தேவையான இடங்களில் டைமரும் இருக்கும்.

சமைக்கத் தெரியாத ஆறு பேரிடம் இதைக் கொடுத்துப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து திரைகளைத் தள்ளிப் பார்த்தபோது ஆறு பேருமே எளிதாக இருக்கிறது என்றார்கள். ஆனால் உண்மையில் சமைக்கத் தொடங்கியபோது நான்கு பேர் பாதியிலேயே செயலியை மூடிவிட்டுத் தெரிந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது, 'நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை 5 நிமிடம் வதக்கவும்' என்ற படி. ஐந்து நிமிடம் முடிந்தபோது வெங்காயம் வெளுப்பாகவும் ஈரமாகவுமே இருந்ததால் ஒருவர் தீயைக் கூட்டிக் கருக்கிவிட்டார். இன்னொருவர், டைமர் முடிந்துவிட்டது என்பதற்காகவே பச்சை வாடை போகாத வெங்காயத்தோடு அடுத்த படிக்குப் போய்விட்டார்.

இரண்டாவது, டைமர். ஆண்ட்ராய்டு கைபேசியில் அரிசி வேக 12 நிமிடம் வைத்த ஒருவருக்கு ஒலியே வரவில்லை. அடிப்பிடித்த வாடை வந்து அவர் திரையைத் திறந்தபோது, இன்னும் 7 நிமிடம் மீதம் இருப்பதாகச் செயலி காட்டியிருக்கிறது. ஒவ்வொரு விநாடியும் எண்ணில் ஒன்றைக் கழிக்கும்படி நிரல் எழுதியிருக்கிறேன்.

படிகளை இன்னும் சிறிதாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் காணொளி சேர்த்தால் சரியாகிவிடுமா? அல்லது அடிப்படையிலேயே தவறு இருக்கிறதா?

மறுமொழி 1 (ஆண்ட்ராய்டு நிரலாளர்)

டைமரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விநாடிக்கு ஒன்று கழிக்கும் முறையை விட்டுவிடுங்கள். திரை அணைந்து கைபேசி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது செயலியும் நின்றுவிடுகிறது. ஹேண்ட்லர் (செயலிக்குள் வேலைகளை நேரம் குறித்து இயக்கும் ஆண்ட்ராய்டுக் கருவி) வழியாக ஓடும் எண்ணிக்கை, கைபேசி விழித்திருக்கும் நேரத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளும். உங்கள் பயனர் பார்த்த 7 நிமிடம் அங்கிருந்துதான் வந்தது.

டைமரைத் தொடங்கும்போதே அது முடிய வேண்டிய நேரத்தைச் சேமித்துவைத்து, திரையில் காட்டும் மீத நேரத்தை ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கழித்துக் கணக்கிடுங்கள். ஒலியெழுப்பும் பொறுப்பை, குறித்த நேரத்தில் செயலியை எழுப்பும் ஆண்ட்ராய்டின் அலாரம் மேனேஜரிடம் ஒப்படையுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கும் டோஸ் என்ற மின்கல சேமிப்பு உறக்க நிலையில், உறக்கத்திலும் ஒலிக்க அனுமதிக்கப்படும் சாதாரண அலாரங்கள் ஒரு செயலிக்கு ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஒலிப்பதில்லை. ஒரே சமையலில் இரண்டு டைமர்கள் அடுத்தடுத்து ஓடினால் இரண்டாவது பிந்திவிடும். ஆகவே 'செட் அலாரம் கிளாக்' என்ற வழியைப் பயன்படுத்துங்கள், அதற்கு அந்தத் தடை கிடையாது. ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதியும், 13 முதல் அறிவிப்புகளுக்குப் பயனரின் அனுமதியும் தேவைப்படுகிறது. அந்த அனுமதியைச் செயலியை நிறுவியவுடன் கேட்காமல், முதல் டைமரைத் தொடும் இடத்தில், எதற்காக என்று ஒரு வரியில் சொல்லிக் கேளுங்கள்.

சமையல் நடக்கும் வரை திரை அணையாமல் வைத்திருக்கவும் வழி இருக்கிறது. ஒரே ஒரு வரி நிரல்தான், அதையும் சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி 2 (சமையல் கற்பிப்பவர்)

ஐயா, காணொளி சேர்ப்பதற்கு முன் அந்த '5 நிமிடம்' என்ற சொல்லைப் பாருங்கள். பிழை அங்கேதான் இருக்கிறது. வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் வரை வாணலியில் இருக்கும் துண்டுகளின் வெப்பம் 100 டிகிரி செல்சியசைச் சுற்றியே நிற்கும். நிறம் மாறுவதற்கோ ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். துண்டுகளின் பருமன், வாணலியின் அகலம், அடுப்பின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து அந்த நேரம் இரண்டு மடங்கும் ஆகலாம், மூன்று மடங்கும் ஆகலாம். உங்கள் பயனர்கள் தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்தார்கள்.

நாம் வாழ்நாள் முழுவதும் 'பதம் பார்த்து இறக்கு' என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தப் பதத்தைச் சொற்களில் கொடுங்கள். முதலில் நீர் வெளியேறும்போது சலசலவென்று உரத்த ஓசை வரும், துண்டுகளின் ஓரம் கண்ணாடிபோல் ஆகும். பிறகு ஓசை மெலிந்து, நுண்ணிய பொரிச்சலாக மாறும், மூக்கைக் குத்திய வாடை இனிப்பு மணமாகத் திரும்பும். அதன்பின்தான் ஓரங்களில் பொன்னிறம் ஏறத் தொடங்கும், அந்தக் கட்டத்தில் வாணலியை விட்டு நகரக் கூடாது. இந்த மூன்று நிலைகளையும் ஒரே வாணலியில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த மூன்று படங்களாக அடுத்தடுத்து வைத்து, 'உங்களுடையது இப்போது எதைப் போல் இருக்கிறது?' என்று கேளுங்கள். முதல் படத்தைத் தொட்டால் 'இன்னும் இரண்டு நிமிடம் கிளறுங்கள், தீயைக் கூட்ட வேண்டாம்' என்று வரட்டும். டைமர் முடிந்தது என்பதற்கு 'போய்ப் பாருங்கள்' என்பது மட்டுமே பொருளாக இருக்க வேண்டும், 'அடுத்த படிக்குப் போங்கள்' என்று ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று. 'நறுக்கிய வெங்காயம்' என்று பொருட்பட்டியலில் எழுதும்போது நீங்கள் ஒரு பெரிய வேலையை ஒரு பெயரடைக்குள் ஒளித்துவைத்துவிடுகிறீர்கள். பழகியவர் இரண்டு நிமிடத்தில் நறுக்குவதைப் புதியவர் பத்து நிமிடம் நறுக்குவார், அதற்குள் அடுப்பில் எண்ணெய் புகையத் தொடங்கிவிடும். நறுக்குவது, கழுவுவது, அளந்து வைப்பது எல்லாம் முடிந்த பிறகே 'அடுப்பைப் பற்றவையுங்கள்' என்ற படி வர வேண்டும். அளவுகளிலும் கவனம் தேவை. கோப்பை என்றால் சில நாடுகளில் 240 மில்லிலிட்டர், சில நாடுகளில் 250. மாவு போன்றவற்றுக்குக் கிராமையும் சேர்த்துக் கொடுங்கள்.

மறுமொழி 3 (பயனர் அனுபவ வடிவமைப்பாளர்)

நாற்காலியில் உட்கார்ந்தவர் செய்த பரிசோதனையை மறந்துவிடுங்கள். சமையலறையில் கைபேசி ஒரு கை தூரத்துக்கு அப்பால் சாய்ந்து நிற்கிறது, கையில் மாவும் ஈரமும் இருக்கிறது. பொத்தானுக்குக் குறைந்தது 48 டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத அளவலகு) அளவு வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பொது வழிகாட்டுதல். இங்கே அது போதாது, திரையின் கீழ்ப்பாதி முழுவதையுமே 'அடுத்து' என்பதற்குக் கொடுத்துவிடலாம். ஆனால் தொடுதிரையில் தெறிக்கும் நீர்த்துளியும் விரல் தொட்டதாகவே பதிவாகக்கூடும். ஆகவே 'முந்தைய படி' எப்போதும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும், படி மாறும்போது மென்மையான ஓர் ஒலியும் வர வேண்டும்.

அடுத்த பரிசோதனையில் நீங்கள் சமையலறையின் ஓரமாக நின்று, எதுவும் சொல்லாமல் பாருங்கள். அவர் திரையைப் பார்த்துவிட்டு வாணலியைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் உங்கள் எழுத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டைமரை முடிவு நேரத்தின்படி மாற்றி எழுதிவிட்டேன், திரை அணைந்த நிலையில் 20 நிமிடம் வைத்துப் பார்த்ததில் சரியாக ஒலித்தது. ஒரே ஒரு செய்முறையை மட்டும் பதத்தின்படி திருத்தி, முன்பு வெங்காயத்தைக் கருக்கியவரிடமே கொடுத்து, சமையலறையில் ஓரமாக நின்று பார்த்தேன். அவருக்கு 14 நிமிடம் ஆனது. இரண்டாவது படத்தின் முன் நின்று, காதைச் சற்றுச் சாய்த்து, 'சத்தம் குறைந்துவிட்டது' என்று அவராகவே சொன்ன கணத்தில், இந்தச் செயலி எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. ஏதாவது தவறிவிட்டால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு படியிலும் எழுதினால் திரை நிரம்பிவிடுகிறது, எழுதாமலும் இருக்க முடியவில்லை. எங்கே வைக்கலாம்?

மறுமொழி 2 (சமையல் கற்பிப்பவர்)

எல்லாத் திரைகளிலும் ஒரே மூலையில் 'தவறிவிட்டதா?' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதைத் தொட்டால் அந்தப் படிக்குரிய இரண்டு மூன்று தவறுகள் மட்டும் விரியட்டும். அடிப்பிடித்துவிட்டதா, சுரண்டாமல் மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், என்ற அளவில் போதும். ஆனால் எண்ணெய் சூடாகும் படிகளில் ஓர் எச்சரிக்கை அந்தப் பொத்தானுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது, திரையிலேயே தெரிய வேண்டும்: எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பாத்திரத்தைத் தூக்கவும் செய்யாதீர்கள், அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். இணையம் இல்லாதபோதும் அந்த வரி வரும்படி செயலிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.