கப்பல்ல இருந்து இறங்கும்போது பெட்டி யார் கையில இருக்கணும்?

ராயபுரம் ரயிலடி:
சென்னைத் துறைமுகத்துல 2023 ஜூன் மாசம் சுற்றுலாக் கப்பலுக்குன்னு பன்னாட்டு முனையம் திறந்த பிறகு, நம்ம பக்கத்துக் குடும்பங்களும் இலங்கைப் பக்கம் கப்பல்ல போய் வர ஆரம்பிச்சிருக்காங்க. எப்படி ஏறணும், என்ன சாப்பாடுன்னு நிறைய பேசுறோம். இறங்குறதைப் பத்தி யாரும் பேசுறதில்லை. குழப்பம் வர்றது அங்கதான்.

கடைசி ராத்திரி ரெண்டு வழி கொடுப்பாங்க. ஒண்ணு, நம்பரோ நிறமோ போட்ட அட்டையைப் பெட்டியில கட்டி, ராத்திரி அவங்க சொல்ற நேரத்துக்குள்ள கேபின் வாசல்ல வெச்சுடணும். காலையில முனையத்து ஹால்ல அந்த நம்பரைத் தேடி எடுத்துக்கணும். இன்னொண்ணு, எல்லாத்தையும் நாமே எடுத்துக்கிட்டு முதல் கூட்டத்தோட இறங்குறது. நான் ரெண்டாவது வழி கட்சி.

வாசல்ல வெச்ச பெட்டி விடியுற வரைக்கும் நம்ம கண்ணுல படாது. தள்ளுவண்டி, சர்வீஸ் லிஃப்ட், கம்பிக் கூண்டு, ஃபோர்க்லிஃப்ட், அப்புறம் ஹால்னு கை மாறிக்கிட்டே போகுது. நடுவுல அட்டை கிழிஞ்சா அது அனாதைப் பெட்டி. ஒரே மாதிரி கறுப்புப் பெட்டி வரிசையா நின்னா யாராவது மாத்தி எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதைவிட அடிக்கடி நடக்கிற தப்பு, பாஸ்போர்ட், பிரஷர் மாத்திரை, காலையில போட வேண்டிய துணி, செருப்பு எல்லாத்தையும் உள்ள வெச்சுப் பூட்டிடுறது. கையில வெச்சிருந்தா இதுல எதுவுமே வராது.

காசிமேடு கரை:
அண்ணே, பெட்டி கை மாறுறதைப் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா கையில எடுத்துட்டு இறங்குறவங்க எதுல இறங்குறாங்கன்னு ஒரு வரி எழுதலையே. கேங்வேதான் முழு விஷயமும்.

அது கப்பல்ல இருந்து கரைக்கு இறங்குற அலுமினியப் பாலம். வழுக்காம இருக்கக் குறுக்கால பட்டை அடிச்சிருக்கும். சின்னச் சக்கரம் ஒவ்வொரு பட்டையிலயும் இடிச்சு நிக்கும். பாலத்தோட அடி, தரையில போல்ட் போட்டு நிக்கிறதில்லை, உருளை மேல நிக்குது. ஏன்னா கட்டியிருக்கிற கப்பலும் அசையும். நம்ம துறைமுகத்துல ஓதத்தால கடல் மட்டம் ஏறி இறங்குறது சுமார் ஒரு மீட்டர்தான், அதனால சரிவு ரொம்ப மாறாது. ஆனா ஐப்பசி கார்த்திகையில அலை வீச்சு உள்ள வரும்போது அந்த அடித்தகடு முன்னயும் பின்னயும் நகரும். அந்தத் தகட்டுல நின்னு பெட்டியோட கைப்பிடியை மடக்குறவங்கதான் கால்ல அடிபடுறாங்க.

அதனால கேங்வேயில ஒரு கை எப்பவும் கம்பியில இருக்கணும். மிச்சம் இருக்கிறது ஒரே கை. ஒரு கையில ஒரு பெட்டி, முதுகுல ஒரு பை, அதுக்கு மேல வேண்டாம். ‘ரெண்டு கையில தூக்க முடிஞ்சா போதும்’னு பலர் சொல்றாங்க. அது தப்பு.

ராயபுரம் ரயிலடி:
ஒரு கை கம்பிக்குன்னு நீங்க சொன்னதை அப்படியே ஏத்துக்கிறேன். ஆனா அது பெட்டியைச் சின்னதாக்கச் சொல்ற காரணம், வாசல்ல வைக்கச் சொல்ற காரணம் இல்லை. மூணு நாலு ராத்திரி பயணத்துக்கு 20 இஞ்ச் பெட்டி போதும். நிறைச்சாலும் பத்து கிலோ பக்கம்தான் வரும். 28 இஞ்ச் பெட்டின்னா இருபதைத் தாண்டும், அதைத் தூக்கிட்டுப் படி இறங்கச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன்.

நாலு சக்கரப் பெட்டியைச் சரிவுல நிமிர்த்தி உருட்டக் கூடாது, அது தானா ஓடும். சாய்ச்சு ரெண்டு சக்கரத்துல பிடிக்கணும், உடம்புக்குப் பக்கவாட்டுல. நேரா பின்னால இருந்தா குதிகால்ல இடிக்கும்.

டோல்கேட் தமிழ்:
ரெண்டு பேரும் கப்பல் படியிலயே நிக்கிறீங்க. நேரம் போறது அங்க இல்லைங்க.

கப்பல் கரையில கட்டின உடனே யாரும் இறங்க முடியாது. குடிவரவு, சுங்கம், சுகாதார அதிகாரிங்க கப்பலுக்கு அனுமதி கொடுக்கணும். அது ஆகாம முதல் கூட்டமும் இறங்காது. உள்நாட்டுப் பயணம்னா குடிவரவு வரிசை இல்லை, அப்ப ராயபுரம் அண்ணன் சொல்ற வேகம் நிஜம். இலங்கை போய் வந்த கப்பல்னா எல்லாருக்கும் பாஸ்போர்ட்ல முத்திரை விழணும். முன்னாடி இறங்கினவங்க வரிசையில முன்னாடி நிப்பாங்க, அவ்வளவுதான் லாபம். சில கப்பல்கள்ல பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டு கடைசியிலதான் கவுன்டர்ல திருப்பிக் கொடுப்பாங்க. அப்படின்னா அந்த லாபமும் கவுன்டர் முன்னாடியே போயிடும். எப்ப, எந்தத் தளத்துல தருவாங்கன்னு முந்தின நாள் சாயங்காலமே கேட்டுடுங்க.

இறங்கும்போது கேபின் கார்டை ஸ்கேன் பண்ணுவாங்க. கணக்குல பாக்கி இருந்தா அங்கயே நிறுத்தி ரிசப்ஷனுக்குத் திருப்பி அனுப்புவாங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டு, எதிர்ல வர்ற கூட்டத்துக்கு நடுவுல மேல ஏறணும். பிள்ளைங்க கார்டுல ஐஸ்கிரீம், விளையாட்டுன்னு ஏறின பாக்கியையும் சேர்த்து ராத்திரியே முடிச்சுடுங்க.

காசிமேடு கரை:
லிஃப்டையும் சொல்லணும். இறங்கலாம்னு அறிவிச்ச உடனே எல்லா லிஃப்டும் மேல் தளத்துலயே நிறைஞ்சு வரும், நடுத் தளத்துல நிக்கிறவங்களுக்கு இடமே கிடைக்காது. ஒன்பதாம் தளத்துல கேபின், நாலாம் தளத்துல கேங்வேன்னு வைங்க. அஞ்சு மாடி, மாடிக்குப் பதினாறு பதினேழு படின்னாலும் எண்பது படிக்கு மேல. பத்து கிலோ சின்னப் பெட்டின்னு சொல்றீங்களே, எழுபது வயசு அம்மாவுக்கு முழங்கால் வலியோட எண்பது படியில அது எவ்வளவு கனம்? தானே எடுத்துட்டு வர்றேன்னு சொன்னவங்களுக்குச் சிப்பந்திகள் தூக்கிக் கொடுக்க மாட்டாங்க. அதுதான் அந்த வழியோட நிபந்தனையே.

ராயபுரம் ரயிலடி:
கீழ போற லிஃப்ட் கிடைக்கலைன்னா மேல போறதுல ஏறிச் சுத்தி வரலாம். இல்லைன்னா அறிவிப்புக்கு முன்னாடியே சாப்பாட்டை முடிச்சுட்டு, கேங்வே இருக்கிற தளத்துலயே உட்கார இடம் பார்த்துக்கலாம், வழியை மறிக்காம. வயசானவங்க இருந்தா கனமான பெட்டியை மட்டும் ராத்திரி வாசல்ல வெச்சுட்டு, மத்ததைக் கையில எடுத்துக்கலாமே?

காசிமேடு கரை:
அந்தப் பாதிக்குப் பாதி ஏற்பாடுதான் இருக்கிறதுலயே மோசம். கனமான பெட்டி ஹாலுக்கு வர்ற வரைக்கும் நீங்க எப்படியும் காத்திருக்கணும். சீக்கிரம் இறங்கின பலன் போச்சு, கையில சுமையும் மிச்சம். அதோட மேல போற லிஃப்ட்ல ஏறிச் சுத்தி வர்ற யோசனையை எல்லாரும் செஞ்சா நடுத் தளத்துக்காரங்க எப்பதான் இறங்குவாங்க? சக்கர நாற்காலிக்காரங்களுக்கும் அதே லிஃப்ட்தான்.

டோல்கேட் தமிழ்:
லிஃப்ட் விஷயத்துல காசிமேடு பக்கம்தான் நான். ஆனா பாதிக்குப் பாதியை அப்படி ஒதுக்க முடியாது. அவசரம் இல்லாதவங்களுக்கு அதுதான் நல்லது. நேரம் மிச்சமாகுதோ இல்லையோ, முதுகு மிச்சமாகும்.

முனையத்துக்கு வெளிய என்ன நடக்குதுன்னும் பாருங்க. துறைமுகம் சிஐஎஸ்எஃப் (மத்திய தொழில் பாதுகாப்புப் படை) காவல்ல இருக்கு, பாஸ் இல்லாத ஆட்டோ உள்ள வராது. துறைமுக வாசல் வரைக்கும் வண்டி ஏற்பாடு இருந்தாலும், பெட்டியை ஏத்தி இறக்குறது நம்ம வேலைதான். டாக்சி கூப்பிடும்போது ‘துறைமுகம்’னு மட்டும் மேப்ல போடாதீங்க. அது துறைமுகத்தோட லாரி வாசலான ஜீரோ கேட் பக்கம் போயிட்டா கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டிக்கும். எந்த வாசல்னு கேட்டு, அதுக்கு நேரா ராஜாஜி சாலையில ஒரு அடையாளத்தைச் சொல்லுங்க. வெளிய வந்த பிறகு புக் பண்ணுங்க, முன்னாடியே பண்ணினா காத்திருப்புக் காசுதான் ஏறும். கையில ஒரே சின்னப் பெட்டின்னா பீச் ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி மார்க்கத்து வண்டி, இல்லைன்னா மண்ணடியில மெட்ரோ. விம்கோ நகர் வரைக்கும் போயிடலாம். 28 இஞ்ச் பெட்டியோட காலை நேர மின்சார ரயில்ல ஏற நினைக்காதீங்க.

ராயபுரம் ரயிலடி:
பாருங்க, சின்னப் பெட்டிக்காரங்களுக்கு ரயில் கூட இருக்கு. இன்னொரு விஷயம், பாட்டில். கப்பல் கடையில வாங்கின மதுவைப் பெரும்பாலும் கடைசி நாள்தான் கையில தருவாங்க. வெளிநாடு போய் வந்தா ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் வரி இல்லை, சிகரெட் 100. அந்தப் பாட்டிலை வாசல் பெட்டியில வெச்சா கம்பிக் கூண்டுல மேல இன்னொரு பெட்டி விழும். உடைஞ்சா துணி எல்லாம் நாசம். அதை மட்டுமாவது கையில எடுத்துக்கிட்டே ஆகணும்.

காசிமேடு கரை:
பாட்டிலுக்கு ஒத்துக்கிறேன். முதுகுப்பையில துணி சுத்தி நிமிர்த்தி வைங்க.

வாசல்ல வைக்கிறவங்களுக்கு நாலு வேலை இருக்கு. பழைய விமான அட்டை எல்லாத்தையும் பிய்ச்சுடுங்க. புது அட்டையை மேல் கைப்பிடியில கட்டுங்க, பக்கக் கைப்பிடியில கட்டினா உரசிக் கிழியும். பேரும் போன் நம்பரும் எழுதின சீட்டு ஒண்ணு பெட்டிக்குள்ள மேலாக இருக்கட்டும், அட்டை போனாலும் திறந்து பார்த்துக் கூப்பிடுவாங்க. அட்டை நம்பர் தெரியுற மாதிரி பெட்டியைப் போட்டோ எடுத்துக்குங்க. அதோட மறுநாள் துணியை முதல்ல கட்டில் மேல எடுத்து வெச்ச பிறகுதான் பெட்டியை மூடணும். ஹால்ல நம்ம நம்பர் இருக்கிற இடத்துல பெட்டி இல்லைன்னா பக்கத்து நம்பர் வரிசையையும் பாருங்க. 6ஐ 9ன்னு படிச்சு வெச்சிருப்பாங்க. அங்கயும் இல்லைன்னா ஹாலை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துடுங்க. வாசலைத் தாண்டிட்டா மறுபடி உள்ள விட மாட்டாங்க.

24 இஞ்ச்சுக்கு மேல பெட்டி, இல்லை கூட வர்றவங்கள்ல ஒருத்தருக்காவது முழங்கால் வலின்னா, ராத்திரியே வாசல்ல வைங்க. இதுல நான் மாற மாட்டேன் அண்ணே.