கென்யா ஏரி மீனவர்களுக்கு வானிலை ஆப்: 1998 புதுச்சேரி கிராம மையங்கள்ல இருந்தவங்க யாராவது?

கெடிலக்கரையான்:
வணக்கம். சொந்த ஊர் கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம். சென்னையில சாஃப்ட்வேர் வேலை. எங்க கம்பெனி ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்துல சேர்ந்திருக்கு. கென்யாவுல கிசுமு பக்கம், விக்டோரியா ஏரி. ராத்திரியில விளக்கு வெச்சு ஓமெனான்னு ஒரு பொடி மீன் பிடிக்கறாங்க. அவங்களுக்குக் காத்து, மழை எச்சரிக்கை சொல்ற ஆப் செய்யணும். மேலதிகாரி, "உங்க ஊர்ப்பக்கமே, புதுச்சேரி கிராமங்கள்ல 1998ல கம்ப்யூட்டர் வெச்ச தகவல் மையங்கள் மூலமா இதைப் பண்ணியிருக்காங்க, விசாரிச்சுட்டு வா"ங்கறார். எனக்கு அப்ப நாலு வயசு. ஆப்ல முதல்ல எதை வைக்கலாம்?

முதுநகர் வாசி:
எதை வேணா வைங்க, டவர் இல்லாட்டியும் ஓடணும். 2011 டிசம்பர் 30 தானே புயல் ஞாபகம் இருக்கா? எங்க தெருவுல கரண்ட் வர ரெண்டு வாரம் ஆச்சு. போன் செங்கல் மாதிரி கிடந்துச்சு. பக்கத்து வீட்டுத் தாத்தாவோட பேட்டரி ரேடியோவைச் சுத்தித்தான் மொத்தத் தெருவும் உட்கார்ந்திருந்தோம்.

மைக்அக்கா:
தம்பி, நான் இருந்தேன். பிளஸ் டூ முடிச்சு வீட்ல சும்மா இருந்தவளை ஊர்ப் பஞ்சாயத்துல பேசி மையத்துக்கு அனுப்பினாங்க. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தினது, கனடா அரசோட ஐ.டி.ஆர்.சி.ங்கற ஆராய்ச்சி உதவி அமைப்பு பணம் கொடுத்துச்சு. தலைமை மையம் வில்லியனூர்ல. போன் லைனை மட்டும் நம்பி இருக்க முடியாதுன்னு அங்கேர்ந்து ஊர்களுக்கு வயர்லெஸ் செட் வழியா தகவல் வரும். கரண்ட் போனா சோலார். இடம் ஊர் கொடுக்கணும், எந்தச் சாதிக்காரங்களும் உள்ள வரலாம்னு ஒத்துக்கணும். எம்பலத்துல கோயில் இடத்துலயே மையம் நடந்துச்சு. அதைப் பத்தித் தனியா ஒரு நாள் எழுதணும்.

கடலோர ஊருக்கு முக்கியம் அலை உயரம். அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல வரும் படத்தை எடுத்து, தமிழ்ல மாத்துவாங்க. வீராம்பட்டினத்துல கரையில குழாய் ஸ்பீக்கர் கட்டிச் சொன்னாங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான், மைக் என் கையில.

ஒரு நாள் விடியக்காலையில முந்தின நாள் தாளை எடுத்துப் படிச்சுத் தொலைச்சேன். "அலை ரெண்டரை மீட்டர், கவனம்." கடல் குளம் மாதிரி கிடக்குது. பாதிப்பேர் கட்டுமரத்தை இறக்கல. என்னை மதிக்காம போனவங்களுக்குக் கூடை கூடையா கவளை மீன்! மதியம் ஒரு பெரியவர் மையத்து வாசல்ல வந்து நின்னார், கையில பீடி. திட்டப் போறார்னு நினைச்சேன். "பாப்பா, ஆழத்தை நாங்க பாகத்துல, ரெண்டு கையையும் விரிச்ச அளவுல, அளக்கறவங்க. மீட்டரு என்னத்தைத் தெரியும்? மரம் அலையை ஏறித் தாண்டுமா தாண்டாதா, அதைச் சொல்லு. என்னைக்கு வந்த சேதி, அதையும் சொல்லு."

அன்னையிலேர்ந்து "நான் இன்னார் மக பேசறேன், இன்னைக்கு வெள்ளிக்கிழமை, காலையில வந்த தகவல், சோழகக் காத்து"ன்னுதான் ஆரம்பிப்பேன். தப்பாப் போனா யார் வீட்டு வாசல்ல வந்து நிக்கணும்னு ஊருக்கே தெரியும். உன் ஆப்ல அது யாரு?

புதுச்சேரி பக்கம் நல்லவாடுங்கற மீனவ ஊர்க் கதை கேள்விப்பட்டிருப்பே. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னைக்கு, சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்க்காரர் டிவி பாத்துட்டு வீட்டுக்குப் போன் போட்டார். மையம் பூட்டிக் கிடந்துச்சு, கதவை உடைச்சு மைக்ல கத்தினாங்க. சுமார் 3,600 பேர் தப்பிச்சாங்க. வெளிநாட்டுக்காரங்க இதைக் கம்ப்யூட்டர் காப்பாத்தினதுன்னு எழுதறப்ப எனக்குச் சிரிப்பு வரும். அன்னைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் வாய் திறக்கல. இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே அப்ப இல்ல, ஐதராபாத்ல இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் நிறுவனத்துல அந்த எச்சரிக்கை மையம் 2007லதான் வந்துச்சு. இருந்தது மைக் செட்டும், அதை எங்க தேடணும்னு தெரிஞ்ச ஆளுங்களும். எங்க ஊர்ல அன்னைக்கு நடந்ததை நான் இங்க எழுதல.

உப்பளத்தான்:
நைரோபியில ரெண்டு வருஷம் கணக்கு வேலை பாத்திருக்கேன். அக்கா சொல்றதோட ஒண்ணு. அங்க 2007ல வந்த எம்-பெசா, அதாவது போன்லயே பணம் அனுப்பற சேவை, பரவினது சாதா பட்டன் போன்ல, பெட்டிக்கடை ஏஜென்ட்டை வெச்சு. உங்க எச்சரிக்கையும் எஸ்.எம்.எஸ்.ல போகட்டும். கிசுமு பக்கம் வீட்டுப் பேச்சு லுவோ, ஸ்வாஹிலி மட்டும் வெச்சு முடிச்சுடாதீங்க. மீன் இறக்கற கரைகள்ல பீச் மேனேஜ்மென்ட் யூனிட்னு மீனவர் கமிட்டி இருக்கு, நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரின்னு வெச்சுக்கங்க. முதல்ல அவங்களைப் பாருங்க.

கெடிலக்கரையான்:
அக்கா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். அவங்க ராத்திரி நடு ஏரியில இருப்பாங்க. மைக் எப்படிக் கேட்கும்?

மைக்அக்கா:
கேட்காது. எங்க ஆளுங்களுக்கும் நடுக்கடல்ல கேட்கல. கரையில வலை ஏத்தற நேரம் பாத்துத்தான் சொல்லுவோம், அதுக்கு நான் மூணரைக்கே எழுந்திரிக்கணும். ஓமெனாக்காரங்க எத்தனை மணிக்குப் படகு தள்ளுறாங்க? அதைக் கேட்டுட்டு வா, அப்புறம் ஆப்பைப் பத்திப் பேசுவோம்.