பிஸ்டல் மேகசின் சிக்கிக்கொண்ட அனுபவம் உண்டா?

கோத்தகிரிக்காரன்
2024 தேர்தலுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் டெபாசிட் செய்த அப்பாவின் .32 பிஸ்டலை ஜூனில் திரும்ப வாங்கப் போனோம். நல்ல மழை. அப்பா மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியை, போட்டுப் பார்த்தார், உள்ளே போனது வெளியே வரவில்லை. பக்கத்தில் நின்றவர் "கொடுங்க சார்" என்று வாங்கி, கைப்பிடியின் அடியில் மேகசினைப் பிடித்திருக்கும் கொக்கியைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளியபடி மேகசின் நுனியை நகத்தால் இழுத்தார். குழல் நேராக அப்பாவின் ஸ்வெட்டர் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழுப்புப் பட்டன், அதில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. பிஸ்டல் காலி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்தான். இருந்தும் அந்தப் பட்டன் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கோயம்புத்தூரில் ரிப்பேருக்குக் கொடுத்தபோது, பழைய எண்ணெய் பிசினாகித் துருப்பொடியோடு இறுகியிருக்கிறது என்றார்கள்.

வெலிங்டன் எக்ஸ்சர்வீஸ்
தம்பி, சர்வீஸில் எங்களுக்கு 9 எம்எம் 1ஏ பிஸ்டல். அது பிரவுனிங் ஹைபவர் என்ற பிஸ்டலின் டிசைன். மேகசின் இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாதபடி உள்ளே ஓர் அமைப்பு உண்டு. அது மேகசினின் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கும், அதனால் மேகசினை விடுவிக்கும் பட்டனை அழுத்தினாலும் மேகசின் தானாக விழாது, கையால்தான் இழுக்க வேண்டும். இது தெரியாத ஒரு புதுப் பையன் ரேஞ்சில் பிஸ்டலை மேசையில் தட்டித் தட்டி எடுத்தான். எடுத்ததும் "காலி" என்றான். நான் வாங்கி மேலே நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தேன், குழலின் பின்முனையான சேம்பரிலிருந்து ஒரு ரவுண்டு, அதாவது தோட்டா, புல்லில் விழுந்தது. மேகசின் வந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பதறுகிறது.

கொடை எஸ்டேட்
எண்ணெய்ப் பிசினாம், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மலையில் முதல் எதிரி தோல் உறை. ஐப்பசி மழையில் என் பிஸ்டலை உறையோடு பீரோவில் வைத்திருந்தேன், மேகசின் முழுக்கத் துருப் புள்ளி. என் கதை அவ்வளவுதான். இனி எல்லோரும் கேளுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் உறையைத் தனியாக வையுங்கள். மேகசினைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள், வெளியே எண்ணெய் மெல்லியதாக இருந்தால் போதும். உள்ளே எண்ணெய் விட்டால் தூசி சேரும். மேகசின் வாயின் உதடு வளைந்திருக்கிறதா, பக்கத் தகடு நசுங்கிப் புடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், பூச்சு போனால் அடுத்த மழையிலேயே துரு ஏறும். இரண்டு மேகசின் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், இரண்டும் சிக்கினால் கோளாறு பிஸ்டலில்.

ஊட்டி .22
மேகசினே இறங்காதது ஒன்று, உள்ளே ரவுண்டு சிக்குவது வேறொன்று. .22 பிஸ்டலில் தோட்டாவின் அடிவிளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். மேல் ரவுண்டின் விளிம்பு கீழ் ரவுண்டின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினால் முன்னே நகராது. போட்டியின் நடுவே எனக்கு அப்படி நின்றுவிட்டது. குழலை இலக்குப் பக்கமே வைத்து, இடது கையைத் தூக்கி நின்றேன். பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டேயிருந்தார்கள், அதிகாரி வந்து சேரும்வரை அந்தக் கை நடுங்கியது. .32 வைத்திருப்பவர்களும் ரவுண்டு போடும்போது கவனியுங்கள், அதிலும் விளிம்பு கொஞ்சம் வெளியே இருக்கும்.

கோத்தகிரிக்காரன்
கொடை அண்ணா, எங்களுடையது தோல் உறை இல்லை, ரெக்சின். பிசின்தான், என் கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் கேட்க வந்தது அது இல்லை. குழலைத் திருப்புங்கள் என்று அந்த மனிதரிடம் அங்கேயே சொல்லியிருக்கலாமா? ஸ்டேஷனில் உங்களில் யாராவது சொல்லியிருக்கிறீர்களா?

வெலிங்டன் எக்ஸ்சர்வீஸ்
சொல்லியிருக்கிறேன் தம்பி. "சார், சுவர்ப் பக்கம்" என்று கையைக் காட்டினால் போதும், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.